டிராக்டர் சூடேறுகிறதா? இன்ஜினைப் பிரிக்குமுன் சற்று நில்லுங்கள்!

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு முல்லா வீதி வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். என் ராத்தா தம் வீட்டு வாசற்படியிலேயே எனக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு சிறு பெட்டி. திறந்து காட்டினார்கள். எங்கள் அம்மா அவர்களுக்குப் போட்ட ஒரு ஜோடி அலுக்கத்து.

“தம்பி, இதைக் கடையில் போட்டுப் பணம் வாங்கித் தர வேண்டும். பையனுடைய டிராக்டரில் இன்ஜின் போய்விட்டதாம். 40,000 ஆகும் என்கிறார்கள்.”

அந்தப் பையன் என் மருமகன். வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவன். கையில் மிஞ்சியதைக்கொண்டு 18 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, பாகூர்ப் பக்கம் வாடகைக்கு ஓட்டி வருகிறான். தென்னந்தோப்புகளில் இடைஉழவு, சொர்ணவாரி நடவுக்குச் சேடை ஓட்டுதல், சில நாட்களில் டிரெய்லரில் தேங்காய் ஏற்றிக்கொண்டு புதுச்சேரி நகரத்துக்கு ஒரு நடை. இந்த வருமானத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. நடவுக் காலத்தில் டிராக்டர் ஒரு வாரம் நின்றால் அந்த வாரத்துக் கூலி மட்டுமா போகும்? காத்திருக்க முடியாத விவசாயி வேறு வண்டியைத் தேடிக்கொள்வார். அடுத்த பருவத்திலும் அந்த வண்டியையே கூப்பிடுவார்.

நான் ராத்தாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “வண்டி எப்போது சூடாகிறதாம்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பட்டறைக்காரர் பார்த்த உடனேயே ஹெட் கேஸ்கட் என்று சொல்லிவிட்டாராம்.”

அன்பார்ந்த வாசகர்களே! இந்தக் கட்டுரை எழுதக் காரணமாக இருந்தது அந்தப் பதில்தான். காய்ச்சல் என்று வைத்தியரிடம் போனால், காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா, குளிரோடு வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தானே நாடி பிடிப்பார்? இன்ஜினுக்கும் அப்படித்தான். எப்போது சூடேறுகிறது என்று கேளாமல் இன்ஜினைப் பிரிப்பவர் வைத்தியம் பார்க்கவில்லை. நம்முடைய செலவில் தேடிப் பார்க்கிறார். ஓர் அரசுத் துறையின் வாகனப் பட்டறையில் என் வயதின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் டிராக்டர் இல்லாமல் இருக்கலாம். சுமை வண்டியோ, ஜெனரேட்டரோ, விசைப்படகோ இருக்கலாம். தண்ணீரால் குளிர்விக்கப்படும் எந்த இன்ஜினுக்கும் இனி வருபவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

மற்றவற்றைப் பேசுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். என் மருமகனிடம் உதவிக்கு இருந்த இளைஞர், வண்டி முதன்முறையாகச் சூடேறி ஆவி கக்கிய அன்று, தண்ணீர் ஊற்றலாம் என்ற நல்லெண்ணத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். உள்ளிருந்த கொதிநீர் பீறிட்டு அடித்து, வலக்கை முழங்கைவரை வெந்துபோயிற்று. முகம் தப்பியது அல்லாஹ்வின் அருள். மூன்று வாரம் அவரால் வேலைக்கு வர இயலவில்லை.

சகோதரிகள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அடுப்பில் இருக்கும் குக்கரின் மூடியை விசில் அடங்குமுன் யாராவது திறப்பார்களா? ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். அதன் மூடியில் ஒரு வில்லும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைப்பதே அவற்றின் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாக ஏற்றிவிட்டால் 118, 120 டிகிரி வரையிலும் கொதிக்காமல் தாங்கும். 1679இல் தெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர் எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் ஓர் அழுத்தப் பாத்திரத்தைச் செய்தார். நம் வீட்டுக் குக்கருக்கும் டிராக்டரின் ரேடியேட்டர் மூடிக்கும் அதுவே மூதாதை. மூடியை நீங்கள் திறந்த கணமே அழுத்தம் போய்விடுகிறது. அதுவரை கொதிக்காமல் இருந்த நீர் முழுவதும் அந்த நொடியிலேயே கொதித்து எழும்புகிறது.

ஆகவே முள் சிவப்பைத் தொட்டால் செய்ய வேண்டியது இது: ரோட்டவேட்டரைத் தூக்கிவிட்டு, நியூட்ரலில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு அணையுங்கள். உடனே அணைத்தால் நீரோட்டமும் காற்றும் நின்று, இன்ஜினின் தலைப்பகுதியில் வெப்பம் அப்படியே தேங்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ, நீர் எல்லாம் ஒழுகி ஓடியிருந்தாலோ மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். குறைந்தது அரைமணி நேரம் கழித்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்தால் சுடாத நிலையில்தான் மூடியைத் தொட வேண்டும். அப்போதும் தடித்த துணியைப் போட்டு, முதற்படிவரை மட்டும் திருகி, சீறல் அடங்கியபின் முழுவதும் திறக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு வெடித்துவிடும், அதன்பின் 40,000 ரூபாய்ப் பேச்சு உண்மையாகிவிடும்.

கை வெந்துவிட்டால்? அந்த இளைஞருடைய கையில் யாரோ பற்பசையைப் பூசியிருந்தார்கள். வேண்டாம். பற்பசை, மை, நெய் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போகட்டும்.

எப்போது சூடாகிறது?

அன்று அஸருக்குப் பிறகு மருமகனை வரவழைத்தேன். “இனி நான் கேட்பதற்கெல்லாம் யோசித்துப் பதில் சொல். பட்டறைக்காரர் சொன்னதை மறந்துவிடு” என்றேன்.

“ரோட்டில் வரும்போது சூடாகிறதா?”

“இல்லை மாமா. டிரெய்லரோடு பாகூரிலிருந்து ஊர்வரை வந்தாலும் முள் நடுவில்தான் நிற்கிறது.”

“வயலில்?”

“ரோட்டவேட்டரைப் போட்டு ஒருமணி நேரம் ஓட்டினால் ஏற ஆரம்பிக்கிறது. முதல் அரைமணி ஒன்றும் இல்லை.”

“சும்மா ஓடவிட்டு வைத்திருந்தால்?”

“அப்போதும் ஒன்றும் இல்லை.”

இந்த மூன்று பதில்களே பாதி வேலையை முடித்துவிட்டன. எப்படி என்று கேட்கிறீர்களா? ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டருக்குள் எரியும் வாயு நீருக்குள் புகும். அது பெரும்பாலும் ரோடு, வயல் என்று பேதம் பார்க்காது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தால் குளிர்ந்த இன்ஜினை இயக்கிய சில நிமிடங்களிலேயே முள் கிடுகிடுவென ஏறிவிடும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தாலோ, வாட்டர் பம்ப் கெட்டிருந்தாலோ, நின்றபடி ஓடும்போதும் சூடு காட்டும். அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவதால் பேட்டரி விளக்கும் எரியக்கூடும். வேகத்தைக் கூட்டினால் மட்டும் சூடேறினால் கீழ் ஹோஸைப் பாருங்கள். உள்ளிருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்துப்போன பழைய ஹோஸ், பம்ப் இழுக்கும் வேகத்தில் உறிஞ்சிய குழலைப்போல் தட்டையாகிவிடும். முள் திடீரென எகிறித் திடீரென விழுந்தால், உள்ளே நீர் குறைந்து காற்று அடைத்திருக்கலாம், அல்லது முள்ளின் கம்பியே தளர்ந்திருக்கலாம்.

சுமை இல்லாதபோது நலமாக இருந்து, கடும் சுமையில் ஒருமணி நேரம் கழித்துச் சூடேறும் வண்டியில் நீரோட்டம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனால் வேலை கூடும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தை ரேடியேட்டரால் முழுவதும் வெளியேற்ற முடியவில்லை. பொதுவாக டீசல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை ரேடியேட்டர் சுமக்கிறது. ரோட்டவேட்டரைப் போட்டு முழு வேகத்தில் ஓட்டும்போது, அந்தச் சிறிய தகட்டுக் கூட்டுக்கு ஒரு நொடியும் ஓய்வு கிடையாது.

“வெயில்தான் காரணம் என்கிறார்களே மாமா, கத்திரி வெயிலில் இப்படித்தான் இருக்கும் என்று?” என்று அவன் கேட்டான். பலரும் சொல்லும் சமாதானம் இது. நம் நாட்டில் விற்பனைக்கு வரும் டிராக்டர்களைச் சோதிப்பதற்கென்றே மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்துக் கார்லதின்னேயிலும் அரசு நிலையங்கள் இருக்கின்றன. சுற்றுப்புற வெப்பம் மிகுந்த நிலையிலும் இன்ஜினை இயக்கி, குளிர்விக்கும் நீர் எவ்வளவு சூடாகிறது என்று பதிவு செய்வது அங்கே நடைமுறை. நல்ல நிலையில் இருக்கும் வண்டி நம் சித்திரை வெயிலைத் தாங்கும்படியே செய்யப்பட்டது. வெயில் குறையைக் காட்டிக்கொடுக்குமே தவிர, அதுவே குறை ஆகாது.

வெளியிலிருந்து உள்ளே

மறுநாள் சுப்ஹுக்குப் பிறகு, இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருந்த வேளையில், பாகூருக்குப் போனோம். பங்காரு வாய்க்காலின் தண்ணீரால் பாகூர் ஏரி நிறைந்து, அந்த ஏரியால் வாழும் ஊர்கள் அவை. புதுவையின் நெற்களஞ்சியம் என்ற பெயர் வீணாக வரவில்லை. நவரை அறுவடை முடிந்து, வைக்கோல் துகள் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்தது.

பரிசோதனையில் எப்போதும் ஒரு வரிசை வேண்டும். காசு செலவாகாததை முதலில் பாருங்கள். காசு குறைவானதை அடுத்துப் பாருங்கள். இன்ஜினைப் பிரிப்பது கடைசி. நாங்கள் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலையிலிருந்து தொடங்கினோம். வலை பளிச்சென்று இருந்தது. “தினமும் துணியால் துடைக்கிறேன் மாமா” என்றான் பெருமையாக.

வலையை வெளியே உருவச் சொன்னேன். அதற்குப் பின்னால், ரேடியேட்டர் தகடுகளின் மீது, வைக்கோல் தூசும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து, கம்பளி விரித்தாற்போல் படிந்திருந்தது! கீழ்ப்பாதியில் ஒளி ஊடுருவவே இல்லை. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பக்கம் இருட்டு. சிறிய டிராக்டர்களில் இது சகஜம். மூடி குறுகலானது, பேட்டரி முதலியன நெருக்கியடித்து வைக்கப்பட்டிருக்கும், ரேடியேட்டரும் தரைக்கு அருகில் இருக்கும். பெரிய டிராக்டர் தலைநிமிர்ந்து போகிற வயலில் சின்ன டிராக்டர் தூசியை முகர்ந்துகொண்டே போகிறது. அவன் துடைத்தது வாசற்கதவை. குப்பையோ கூடத்தில் கிடந்தது.

இதைச் சுத்தம் செய்வதிலும் ஒரு முறை உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் விசிறி முன்னாலிருந்து காற்றை உள்ளிழுக்கிறது. எனவே தூசி முன்பக்கம் அடைகிறது. அதை எதிர்த்திசையில், அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்நோக்கித் தள்ள வேண்டும். முன்னாலிருந்து பீய்ச்சினால் தூசி மேலும் உள்ளே புதையும். வாகனம் கழுவும் இடத்து அழுத்தக் குழாயைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபட்டுவிடும். சாதாரணத் தோட்டக் குழாய், சிறிது சோப்புத் தண்ணீர், மென்மையான தூரிகை, நிறையப் பொறுமை ஆகியவை போதும். நாங்கள் இருவரும் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து செய்தோம். வாய்க்கால் ஓரத்தில் குவிந்த குப்பை ஒரு கூடை இருக்கும்.

அடுத்து ஃபேன் பெல்ட். இரண்டு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கலாம். அதற்குமேல் போனால் தளர்ச்சி. உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்குகிறது என்று பொருள். இவனுடையது நன்றாகவே இருந்தது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவின் தடம் இல்லை. ஹோஸ்கள் பரவாயில்லை. ஏர் ஃபில்டர் மட்டும் தட்டினால் மண் கொட்டியது. அதையும் சுத்தம் செய்தோம். காற்று குறைந்த இன்ஜின் கரும்புகை கக்கிக்கொண்டு கூடுதலாகச் சூடாகும்.

மருமகன் டிராக்டரை ஓட்டிப் பார்த்தான். ஒருமணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். முள் ஏறியது, ஆனால் முன்போல் சிவப்பைத் தொடவில்லை. அதற்கு ஓர் இழை கீழே நின்றுவிட்டது. அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு இல்லை. நலமாயிருக்கும் வண்டியில் முள் அங்கே நிற்கக் கூடாது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த திருப்தியில் இரண்டாவது காரணத்தைத் தேடாமல் விடுவது மெக்கானிக்குகளில் மிகக் கெட்டிக்காரர்கள்கூடச் செய்யும் தவறு. நானும் பணிக்காலத்தில் அப்படி இருமுறை ஏமாந்திருக்கிறேன்.

தண்ணீரில் இருந்த குற்றம்

இன்ஜின் ஆறியபிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பக்கத்து நீர்த்தேக்கி டப்பாவில் தண்ணீர் சரியான அளவில் இருந்தது. அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது; மூடியின் வால்வு பழுதானால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. நீர் இருந்தது. ஆனால் குழாய்களின் வாய்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் செதில் படிந்திருந்தது.

“என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்?”

“மோட்டார் கொட்டகைத் தண்ணீர்தான் மாமா. வேறென்ன?”

அன்பர்களே, தேநீர்க் கெண்டியின் அடியில் வெள்ளையாய்ப் படிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. அதே வேலை ரேடியேட்டரிலும், இன்ஜினின் நீர்வழிகளிலும் நாள்தோறும் நடக்கிறது. வெப்பம் கடத்துவதில் உலோகம் வள்ளல். இந்தச் செதிலோ கஞ்சன். புதுவைப் பகுதியில் கடலை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீரை அளவுக்குமேல் இறைத்துவிட்டதால் உவர்ப்பு ஏறியிருப்பது நாம் அறிந்ததுதான். உப்பு ஏறிய நீரானால் செதிலோடு அரிப்பும் சேர்ந்துகொள்ளும். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. மனிதர் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று அத்தனை பாடுபட்டார்கள். இயந்திரத்துக்கு மட்டும் எந்தத் தண்ணீரும் போதும் என்று நாம் நினைத்துவிட்டோம்.

பழைய நீரை வடித்தபோது துருநிறத்தில் வந்தது. அத்துடன் மஞ்சள் நிறக் கசடும் வந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு மருமகனே சொன்னான்: வண்டியை விற்றவர், ‘லேசான கசிவு இருந்தது, மஞ்சள் தூள் போட்டு அடைத்துவிட்டேன்’ என்றாராம்! நம் ஊர் ஓட்டுநர்களிடையே இது பழைய வழக்கம். நடுவழியில் வீடு வந்து சேர உதவும் உபாயம்தான். ஆனால் மஞ்சளுக்குக் கசியும் துளை எது, நீர் ஓடும் குழாய் எது என்று தெரியுமா? இரண்டையும் அடைக்கும்.

ரேடியேட்டர் கழுவுவதற்கென்றே கடையில் விற்கும் திரவத்தை, டப்பாவில் குறித்திருந்த அளவும் நேரமும் தவறாமல் பயன்படுத்தினோம். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகக் குழாய்த் தண்ணீரைச் செலுத்தி, தெளிந்து வரும்வரை அலசினோம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் உடனே சுத்தமாகும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். சுத்தமாகும், அலுமினியமும் சேர்ந்தே சுத்தமாகிவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ராத்தாவின் வீட்டு அடுப்படிக்கே கொண்டுபோனோம். ராத்தாவுக்கு ஒரே ஆச்சரியம். கைவிடப்பட்ட ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் தொங்கவிட்டோம். அதன் உடலில் 82 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அந்த அளவை ஒட்டி மெல்ல வாய் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் முழுவதும் திறந்துகொண்டது. நல்ல தெர்மோஸ்டாட். “இதைத் தூக்கி எறியச் சொன்னார்கள் மாமா, நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று” என்றான் மருமகன். அந்தப் பேச்சைக் கேளாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளுறுப்புகள் விரைவில் தேயும். சில இன்ஜின்களில் சுற்றுவழி திறந்தபடியே நின்று, நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிச் சுற்றி வந்து, சூடு முன்னிலும் கூடும்.

அப்படியானால் ஹெட் கேஸ்கட்?

பட்டறைக்காரர் சொன்னதையும் சோதித்துவிட வேண்டும் அல்லவா? அவர் ஏமாற்றுவதற்காகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சூடேறிய வண்டிகளில் கேஸ்கட் போவதை அவர் அடிக்கடி பார்த்திருப்பார். பார்த்ததே கண்ணில் நின்றது. மேலும், சிவப்பைத் தொட்டபிறகும் இரண்டு நாள் என் மருமகன் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறான். தலைப்பகுதி வளைந்து கேஸ்கட் உண்மையாகவே போவதற்கு அது போதும். குறை ஒன்றாக இருந்து, அலட்சியத்தால் மற்றொன்றாக வளர்ந்துவிடுவது இப்படித்தான்.

கேஸ்கட் போனதற்கான அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். எண்ணெய் அளவுகோலை உருவினால் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் தெரியும். புகைக்குழலில் வெண்புகை நிற்காமல் வரும். வெளியே எங்கும் கசிவு இல்லாமலே நீர் தினமும் குறையும். காலையில் குளிர்ந்த இன்ஜினை இயக்கிய ஓரிரு நிமிடத்துக்குள், நீர் சூடாகுமுன்பே, மேல் ஹோஸ் கல்போல் விறைத்துவிடும். எல்லாவற்றிலும் நம்பத்தக்கது இது: குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்துவைத்துவிட்டு இயக்கி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் ஓரிரண்டு குமிழ்கள் வருவது இயல்பு. நிற்காமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் பட்டறைக்காரர் சொன்னது மெய்.

ராத்தாவும் பாகூருக்கு வந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நீர் சலனமில்லாமல் சுழன்றது. குமிழ் இல்லை. ராத்தா தம் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அலுக்கத்துப் பெட்டி அதற்குள் இருந்திருக்கிறது.

கூலண்டும் வடிகட்டிய நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினோம். சட்டென்று மூடிவிடவில்லை. மூடியைத் திறந்தபடியே மெதுவாக ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்பினோம். பேட்டரிக்கு விற்கும் வடிநீரே இதற்கும் ஆகும். சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீரும் கடினம் இல்லாததுதான். புதிய ரேடியேட்டர் மூடி ஒன்றும் வாங்கினோம். பழையதன் ரப்பர் உளுத்திருந்தது. எல்லாம் சேர்த்து ஆன செலவு இரண்டாயிரத்தைத் தொடவில்லை. அன்று மாலை மூன்று மணிநேரம் ரோட்டவேட்டர் ஓடியது. முள் நடுவிலேயே நின்றது.

ஓட்டும் முறையிலும் ஒரு மாற்றம் செய்யச் சொன்னேன். அவன் வைத்திருக்கும் ரோட்டவேட்டர் அந்த வண்டிக்குச் சற்று அகலம். முழு ஆழத்தில் ஒரே தடவையாக அடிக்காமல், ஒரு கியர் குறைத்து இரண்டு தடவையாக அடித்தால் இன்ஜின் திணறாது. திணறும் ஓசையும் கரும்புகையும் வந்தாலே, முள் ஏறுவதற்கு முன்னால், வண்டி நம்மிடம் முறையிடுகிறது என்று பொருள். ஒரு மடக்குக்கு ஒருமுறை முள்ளைப் பார். மதியம் சாப்பிட உட்காருமுன் வலையை உருவி அதன் பின்னால் பார் என்றேன். செய்துவருகிறான். சந்தேகம் வந்தால் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். விவசாயிகளுக்கு உதவத்தானே அந்த நிலையம் இருக்கிறது.

மிஞ்சிய கூலண்ட் அரை டப்பாவை மருமகன் தன் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தான். பச்சை நிறத்தில், சர்பத்தைப்போல அழகாக இருக்கும். ராத்தாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அங்கேதான் விளையாடுவார்கள். கூலண்டுகளில் பெரும்பாலும் சேரும் எத்திலின் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிறிதளவு உள்ளே போனாலும் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிருக்கே உலை வைக்கும். பூனைகளும் அதைக் குடித்துவிடக்கூடும். டப்பாவை இறுக மூடி, பரண்மேல் ஏற்றிப் பூட்டச் சொன்னேன். வடித்த பழைய நீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், ஆடுமாடு அணுகாத இடத்தில் குழி தோண்டிக் கொட்டினோம். தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கவைத்த பாத்திரத்தை ராத்தா நன்றாகத் துலக்கி மறுபடி அடுப்படியில் வைத்திருந்தார்கள். அதை மட்டும் நானே எடுத்துக்கொண்டுபோய் டிராக்டரின் கருவிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.